ஒரே திரையில் இரண்டு பயனர்கள்: வரைகலை நிரல்களைத் தனிக் கணக்கில் இயக்கிய அனுபவம்

வெளியிலிருந்து வரும் பிடிஎஃப் கோப்புகளையும் அலுவலக ஆவணங்களையும் நாள்தோறும் திறந்து பார்க்க வேண்டிய வேலை என்னுடையது. அவற்றை அனுப்புகிறவர்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. என் லினக்ஸ் மேசைக்கணினியில் அவற்றைத் திறக்கும் அதே பயனர் கணக்கில்தான், வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் என் எஸ்எஸ்எச் சாவிகளும், உலாவி சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களும், பல ஆண்டுகளின் மின்னஞ்சல்களும் இருந்தன. ஆவணத்தைக் காட்டும் நிரலில் ஓர் ஓட்டை இருந்து, அதைத் தெரிந்துகொண்டு ஒருவர் ஒரு கோப்பைத் தயாரித்து அனுப்பினால், அந்த நிரல் என் பெயரில் ஓடுகிற காரணத்தாலேயே நான் தொடக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் தொடும். கணினியின் முழு அதிகாரமும் உள்ள ரூட் கணக்கின் கடவுச்சொல் கையில் இல்லாவிட்டாலும் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. நான் இழக்க அஞ்சுகிற எல்லாமே, என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுக்குள்தான் இருக்கின்றன.

இந்த நிரல்களை வேறொரு பயனரின் பெயரில் இயக்கினால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது. யோசனை புதிதன்று. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி லினக்ஸ் பயனர் எண் ஒதுக்கப்படுகிறது. ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று திறக்க முடியாமல் தடுக்கும் முதல் சுவர் அதுதான். மேசைக்கணினியிலும் அதையே செய்துவிடலாம் என்று நம்பி ஒரு மாலையில் தொடங்கினேன். கோப்புகளைப் பிரிக்க அரை மணி நேரம்தான் ஆனது. திரையையும் விசைப்பலகையையும் பிரிப்பதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன. இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலையைப் பற்றியதுதான்.

முதலில் புதுக் கணக்கு. அதற்குப் ‘புறம்’ என்று பெயர் வைத்தேன்; என் கணக்கின் எண் 1000, புறத்தின் எண் 1001. ரூட்டாகவோ வேறு பயனராகவோ கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோவின் குழுவிலும், நிரல்களைக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கரின் குழுவிலும் அதைச் சேர்க்கவில்லை. டாக்கர் குழுவில் இருப்பது ஏறக்குறைய ரூட்டாக இருப்பதற்குச் சமம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடவுச்சொல்லும் வைக்கவில்லை, ஆகவே அந்தப் பெயரில் யாரும் நேராக உள்நுழைய முடியாது. அடுத்து என் ஹோம் அடைவின் அனுமதியைப் பார்த்தேன். அது 0755 என்று இருந்தது; அதாவது கணினியில் உள்ள எந்தப் பயனரும் உள்ளே வந்து எட்டிப் பார்க்கலாம். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய கணக்குகளின் ஹோம் அடைவு 0750 என்று உருவாகிறது. என்னுடையது அதற்கு முன்பே உருவாகி, ஒவ்வொரு மேம்படுத்தலிலும் அப்படியே பின்தொடர்ந்து வந்த கணக்கு. அதை, நான் மட்டுமே நுழையக்கூடிய 0700 ஆக மாற்றினேன். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் தனிப் பயனர் வைத்துக்கொள்வதில் பொருளே இல்லை.

இருவரும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமே. அதற்கென்று ஒரு குழுவை உருவாக்கி, 2770 அனுமதியுடன் ஒரு பொது அடைவை வைத்தேன். முதலில் வரும் 2 என்ற இலக்கத்தால், அதற்குள் யார் எதை உருவாக்கினாலும் அது அந்தக் குழுவுக்கே உரியதாகிவிடும். அதோடு, குறிப்பிட்ட பயனருக்கோ குழுவுக்கோ தனியாக அனுமதி தரும் ஏசிஎல் என்ற பட்டியல் ஒன்றையும் இயல்புநிலையாகப் போட்டுவைத்தால், புறம் உருவாக்கும் கோப்பை நான் திருத்த முடியாமல் போகும் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது.

இனி நிரலை இயக்க வேண்டும். அப்போது நான் பயன்படுத்தியது, சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ் விண்டோவின் அமர்வு. சூடோ வழியாகப் புறத்தின் பெயரில் ஆவணம் காட்டும் நிரலை அழைத்தேன். அனுமதி தேவைப்படுகிறது, ஆனால் அனுமதி முறை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று ஒரு வரியும், திரையைத் திறக்க இயலவில்லை என்று இன்னொரு வரியும் வந்து, நிரல் அங்கேயே நின்றுவிட்டது. இந்தப் பிழைக்கு எங்கே தேடினாலும் முதலில் கிடைக்கும் பரிந்துரை, திரையோடு யார் இணையலாம் என்று சொல்லும் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையின் பின்னால் ஒரு கூட்டல் குறியைப் போடுங்கள் என்பதுதான். போட்டால் நிரல் உடனே ஓடும். ஆனால் அந்தக் கூட்டல் குறி, திரையையும் விசைப்பலகையையும் நிரல்களுக்குத் தரும் எக்ஸ் சர்வரின் வாசற்காவலை முழுவதும் எடுத்துவிடுகிறது. இணைய முடிகிற எந்த நிரலையும், யாருடையது என்று கேட்காமல், அது உள்ளே விடும். அதைப் பரிந்துரைப்பவர்களின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். இருந்தாலும், பாதுகாப்புக்காகத் தொடங்கிய வேலையில் செய்யக்கூடாத முதல் செயல் அதுவே.

எக்ஸ் சர்வர் ஒரு நிரலை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படுத்துவது மேஜிக் குக்கீ என்ற முறை. அது 128 பிட் நீளமுள்ள ஒரு சீரற்ற எண். பதினாறு பைட்டுகள், பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 32 இலக்கங்கள். என் ஹோம் அடைவில் எக்ஸ் அத்தாரிட்டி என்ற மறைகோப்பில் அது இருக்கும். அந்தக் கோப்பைப் படிக்க முடிந்த நிரலுக்குத் திரை கிடைக்கும், மற்றவற்றுக்குக் கிடைக்காது. புறத்தால் என் ஹோம் அடைவுக்குள் நுழைய முடியாததால், அதற்குத் திரை கிடைக்கவில்லை. ஆக, எனக்குக் கிடைத்த பிழைச்செய்தி உண்மையில் காவல் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான சான்று.

குக்கீயைப் புறத்துக்கு எடுத்துக் கொடுப்பது ஒரு வழி. அப்படிக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குக்கீகளைக் கையாளும் எக்ஸ்ஆத் கட்டளைக்கு அருகிலேயே குக்கீயை எழுதி அழைத்தால், அந்த நொடியில் நிரல் பட்டியலைப் பார்க்கும் எந்தப் பயனரின் கண்ணிலும் அது படும். ஒரு பக்கம் எடுத்து, ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குத் தரும் குழாய் வழியாக மறு பக்கம் சேர்ப்பதே முறை. இன்னும் எளிய வழியும் உண்டு: எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையிடம், இந்தக் கணினியில் உள்ள இந்தப் பெயருள்ள பயனரை மட்டும் விடு என்று சொல்லலாம். நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பான சாக்கெட்டின் மறுமுனையில் இருப்பவர் யார் என்பதை, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடமே கேட்டுச் சர்வர் உறுதிசெய்துகொள்வதால், இதில் ஏமாற்ற இடமில்லை. நான் அதைத்தான் செய்தேன். ஆவணம் திரையில் விரிந்தது. சாளரத்தின் உரிமையாளர் புறம். என் எஸ்எஸ்எச் சாவிகள் இருக்கும் அடைவை அதன் ‘கோப்பைத் திற’ பெட்டியில் தேடிப் பார்த்தேன், அனுமதி மறுக்கப்பட்டது. வேலை முடிந்தது என்று அன்றைக்கு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஓர் ஐயம் எழுந்தது. கோப்புகளைத் திறக்க முடியாது, சரி. திரையில் நான் செய்வதைப் பார்க்க முடியுமா? சோதித்துவிடுவது என்று, புறத்தின் பெயரில் ஒரு டெர்மினலைத் திறந்து எக்ஸ்இன்புட் என்ற கட்டளையை ஓட்டினேன். எந்தச் சிறப்பு அனுமதியும் கேட்காமல் அது உள்ளீட்டுக் கருவிகளைப் பட்டியலிட்டது. என் விசைப்பலகையின் எண்ணைக் கொடுத்துச் சோதனை நிலையில் வைத்துவிட்டு, என் சொந்தக் கணக்கில் ஓடும் இன்னொரு டெர்மினலுக்கு மாறி, சூடோ கேட்ட கடவுச்சொல்லைத் தட்டினேன். நான் தட்டிய டெர்மினலில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த புறத்தின் டெர்மினலில் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி வந்துகொண்டே இருந்தது: விசை அழுத்தம் 38, விசை விடுவிப்பு 38, அழுத்தம் 24, விடுவிப்பு 24, கடைசியில் அழுத்தம் 36. ஆங்கில எழுத்துகள் அமைந்த வழக்கமான விசைப்பலகையில் 38 என்பது ஏ, 24 என்பது க்யூ, 36 என்பது என்டர். அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டால் என் கடவுச்சொல்லை அப்படியே படித்துவிடலாம். முந்தைய நாள் முழுவதும் புறத்தின் பெயரில் ஓடிய ஒவ்வொரு நிரலுக்கும் இந்த வசதி இருந்திருக்கிறது.

இதைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ் அமைப்பின் இயல்பே இதுதான். 1984இல் எம்ஐடியில் தொடங்கப்பட்டு, 1987இல் பதினொன்றாம் பதிப்பை எட்டிய அமைப்பு அது. ஒரு திரையோடு இணைந்த நிரல்கள் அனைத்தும் ஒருவரையொருவர் நம்பும் என்ற அனுமானத்தில் அது எழுந்தது. வாசலில் குக்கீ கேட்கும். வாசலைத் தாண்டியவருக்கு வீடு முழுவதும் திறந்திருக்கும். விசைகளைக் கேட்பதோடு இது நிற்பதில்லை. முழுத் திரையையும் படமெடுக்கலாம். கிளிப்போர்டில் எப்போது எது இருந்தாலும் எடுத்துப் படிக்கலாம். கடவுச்சொல் மேலாளர் நிரலிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய இழப்பு. எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்டிப்பின் வழியாக, நான் தட்டாத விசைகளை நான் தட்டியதுபோல் என் டெர்மினலுக்கு அனுப்பவும் முடியும். எக்ஸ்டெர்ம் போன்ற நிரல்கள், வேறு நிரல்கள் நேரடியாக அனுப்பும் போலி நிகழ்வுகளை ஏற்காமல் தள்ளிவிடும். எக்ஸ்டெஸ்ட் வழியாக வருவதையோ உண்மையான விசையிலிருந்து அவற்றால் பிரித்தறிய முடியாது. என் பெயரில் ஓடி, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல்லுக்குள் ஒரு வரியைத் தட்டி என்டரும் கொடுக்க முடிந்த நிரலுக்கு, என் ஹோம் அடைவின் 0700 அனுமதி எந்தத் தடையும் இல்லை. நான் எழுப்பிய சுவர் உண்மையானதுதான். அதற்கு அடுத்தே ஒரு கதவு திறந்து கிடந்தது.

எக்ஸ் அமைப்பிலேயே இதற்கு ஒரு மருந்து உண்டு. இணையும் நிரலை நம்பத்தகாத கிளையன்ட் என்று குறியிட்டு ஒரு தனிக் குக்கீயை உருவாக்கலாம். எஸ்எஸ்எச் கட்டளையின் பெரிய எழுத்து எக்ஸ் (-X) விருப்பம் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதை முயன்றேன். சில நிரல்கள் ஓடின, சில பாதியில் விழுந்தன. கிராஃபிக்ஸ் முடுக்கம் போன்ற நீட்டிப்புகள் அந்த நிலையில் கிடைப்பதில்லை. இன்றைய நிரல்கள் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

அடுத்து நான் எடுத்தது ஜெஃபிர். இது எக்ஸ் சர்வருக்குள் ஓடும் இன்னொரு எக்ஸ் சர்வர். என் திரையில் ஒரு சாதாரணச் சாளரமாகத் தெரியும், அதற்குள் ஓடும் நிரல்களுக்கோ அதுவே முழுத் திரை. அந்தச் சாளரத்தில் கவனம் இருக்கும்போது நான் தட்டும் விசைகள் மட்டுமே உள்ளே போகும். இரண்டாம் எண் திரையாக, 1280க்கு 800 அளவில் அதைத் தொடங்கினேன். எம்குக்கீ கட்டளையால் புதிய குக்கீ ஒன்றை உருவாக்கி, அதை ஜெஃபிருக்கும் புறத்துக்கும் மட்டும் கொடுத்தேன். என் உண்மையான திரைக்கான அனுமதியைப் புறத்திடமிருந்து முற்றிலும் எடுத்துவிட்டேன். பிறகு அதே எக்ஸ்இன்புட் சோதனையைத் திரும்பச் செய்தேன். உள்ளே தட்டினால் எண்கள் வந்தன. வெளியே சூடோவுக்குக் கடவுச்சொல் கொடுத்தபோது புறத்தின் டெர்மினல் அசையாமல் இருந்தது. அந்த அசையாத டெர்மினலைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு சீரானது.

ஜெஃபிரோடு வாழ்வதில் சில சிரமங்கள் உண்டு. உள்ளே சாளர மேலாளர் எதுவும் இல்லாததால், முதலில் வந்த சாளரத்துக்குத் தலைப்புப் பட்டையே இல்லை; உரையாடல் பெட்டி அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் வெளியே எடுக்க வழியில்லை. ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரைப் புறத்தின் பெயரில் உள்ளே ஓட்டியதும் அது சரியாயிற்று. காணொளிகள் தடுமாறின. தமிழில் தட்டச்சிட முடியவில்லை. தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ், நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் தடமான டி-பஸ்ஸில், என் கணக்கின் அமர்வில் ஓடுகிறது, புறத்துக்கு அந்த அமர்வோடு தொடர்பில்லை என்பதே காரணம். புறத்தின் பெயரிலேயே தனியாக ஐபஸ் ஓட்டி, தமிழ்99 விசைப்பலகையை அங்கேயும் சேர்த்த பிறகு தட்டச்சு வந்தது. கிளிப்போர்டு உள்ளுக்கும் வெளிக்கும் பொதுவாக இல்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை, அதற்காகத்தானே இவ்வளவும். ஒரு வரியை வெளியே கொண்டுவர வேண்டுமானால் பொது அடைவில் ஒரு உரைக்கோப்பாகப் போட்டு எடுத்துக்கொள்வேன்.

பல மாதங்கள் இப்படியே ஓடியது. பிறகு, எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வுக்கு மாறினேன். 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட், இந்தக் கேள்விக்கு அடிப்படையிலேயே வேறு விடை வைத்திருக்கிறது. எந்தச் சாளரத்தில் கவனம் இருக்கிறதோ அதற்கு மட்டுமே விசைகள் போகும். பிறர் சாளரத்தின் உள்ளடக்கத்தைக் கேட்டுப் பெறும் வழி அடிப்படை நெறிமுறையில் இல்லை. கிளிப்போர்டும் கவனம் கிடைக்கும்போதுதான் கைக்கு வரும். ஆகவே உள்ளுக்குள் ஒரு சர்வர் என்ற சுமை இல்லாமல், புறத்தின் சாளரங்களை என் சாளரங்களோடு அருகருகே வைத்துக்கொள்ளலாம்.

வேலண்டில் குக்கீ கிடையாது. ரன் அடைவில், யூசர் என்பதற்குள், 1000 என்ற எண்ணில் எனக்கென்று ஓர் இயக்கநேர அடைவு இருக்கிறது. அதற்குள் வேலண்ட்-0 என்ற சாக்கெட் இருக்கிறது. அந்த அடைவின் அனுமதி 0700. யார் உள்ளே வரலாம் என்பதை அந்த அனுமதி ஒன்றே தீர்மானிக்கிறது. புறத்தை உள்ளே விட, ஏசிஎல் மூலம் அடைவுக்குள் கடந்துசெல்லும் உரிமையையும், சாக்கெட்டில் எழுதும் உரிமையையும் கொடுத்தால் போதும். இரண்டே கட்டளைகள். அவற்றைத் தட்டி, சாளரம் திறப்பதைப் பார்த்த பிறகு, நல்லவேளையாக அந்த அடைவை ஒரு முறை முழுவதும் பட்டியலிட்டுப் பார்த்தேன்.

பட்டியலில், ஒலியையும் காணொளியையும் கையாளும் பைப்வயர் சேவையின் பைப்வயர்-0 என்ற சாக்கெட் இருந்தது. அதன் அனுமதி, படிக்கவும் எழுதவும் எல்லோருக்கும் திறந்திருந்தது. கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உருவாக்கும் சாக்கெட்டுகளுக்குத் தனியாகச் சொல்லாவிட்டால் 0666 என்பதே இயல்பான அனுமதி. வெளியடைவு 0700 ஆக இருப்பதால் அது வரை அதில் தவறொன்றும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அந்த ஒற்றைக் கதவை நம்பி நிம்மதியாக இருந்தது. நான் அந்தக் கதவைப் புறத்துக்குத் திறந்தபோது, திரையோடு சேர்த்து ஒலிவாங்கியையும் கொடுத்துவிட்டேன். டி-பஸ் சாக்கெட் இணைபவரின் பயனர் எண்ணைத் தானே சரிபார்ப்பதால் அது தப்பியது. அந்த அடைவில் இன்னும் என்னென்ன நிரல்கள் எதை வைக்கும் என்பதை நான் ஒவ்வொரு நாளும் போய்க் கண்காணித்துக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கே ஏசிஎல்லை எடுத்துவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. ரன் அடைவின் கீழ், ரூட்டுக்கு உரியதாகவும் புறத்தின் குழு மட்டும் நுழையக்கூடியதாகவும் 0750 அனுமதியில் ஒரு தனி அடைவை வைத்திருக்கிறேன். வேலண்ட் சாக்கெட்டை மட்டும் அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பின் மேல் பைண்ட் மவுன்ட் செய்து, அந்தச் சாக்கெட்டுக்கு மட்டும் புறத்துக்கு ஏசிஎல் கொடுக்கிறேன். சாக்கெட் ஒன்றுதான், அதை அடையும் பாதைகள் மட்டும் இரண்டு. என் இயக்கநேர அடைவு மூடியே இருக்கிறது. புறத்தின் பக்கம், நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புகளில் ஒன்றான, வேலண்ட் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியில் இந்தப் புதிய பாதையை முழுமையாக எழுதிவிட வேண்டும். வெறும் பெயராக இல்லாமல் முழுப் பாதையாகக் கொடுத்தால் வேலண்டின் நூலகமான லிப்வேலண்ட் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். மவுன்ட் செய்ய ரூட் உரிமை வேண்டும் என்பதால் அந்தப் பகுதியைத் தனி ஸ்கிரிப்டாக எழுதி, ரூட்டின் பெயரில், நானே திருத்த முடியாத இடத்தில் வைத்தேன். நான் திருத்த முடிகிற ஒரு ஸ்கிரிப்டைக் கடவுச்சொல் இல்லாமல் ரூட்டாக ஓட அனுமதித்தால், என் கணக்கைக் கைப்பற்றியவர் ரூட்டையும் கைப்பற்றிவிடுவார்.

எக்ஸ் திரை எங்கே என்று சொல்லும் டிஸ்ப்ளே என்ற பழைய சூழல் மாறியைப் புறத்துக்குப் போகாமல் அழித்துவிடுவதும் முக்கியம். வேலண்ட் அமர்விலும் பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதனோடு இணைந்த எக்ஸ் நிரல்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று பழையபடியே வேவு பார்க்க முடியும். என் கணக்கில் எக்ஸ்வேலண்டில் ஓடும் ஒரு நிரலாவது இருக்கும் வரை, புறத்துக்கு அந்த வாசல் தெரியக்கூடாது. எக்ஸ் இல்லாமல் ஓட மறுக்கும் நிரல்களுக்கு இன்றும் ஜெஃபிரைத்தான் பயன்படுத்துகிறேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலண்ட் என்ற பெயர் இருந்தால் போதும் என்று நம்பிவிடக்கூடாது. டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட பல மேசைச்சூழல்கள், திரையைப் படமெடுக்கவும் கிளிப்போர்டைக் கண்காணிக்கவும் கூடுதல் நெறிமுறைகளை எந்த நிரலுக்கும் தருகின்றன. அவற்றைக் கட்டுப்படுத்துவதற்காகவே பாதுகாப்புச் சூழல் என்ற நெறிமுறை 2023இல் வேலண்ட் நெறிமுறைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. நான் பயன்படுத்துவது க்னோம். அது அந்த நெறிமுறைகளைத் தருவதில்லை. புறத்தின் பெயரில் திரையைப் படமெடுக்கும் நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். உங்கள் மேசைச்சூழலில் நீங்களும் அப்படி ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு ஒரு புதிர். ஆவணம் காட்டும் நிரலை அழைத்தால் சாளரம் திறக்க அரை நிமிடம் போல ஆனது. அதன் பிறகு எல்லாம் வழக்கமான வேகம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் 25 நொடிகளுக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தது ஐயத்தைத் தந்தது. டி-பஸ்ஸில் ஒரு கேள்விக்கு விடை வராவிட்டால் கைவிடுவதற்கான இயல்பான காலவரம்பு 25 நொடிகள். நிரல் தொடங்கும்போது, புறத்தின் பஸ்ஸில் உள்ள, கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளுக்கு இடையில் நிற்கும் போர்ட்டல் சேவையைக் கேட்கிறது. அந்தச் சேவையைத் தொடங்குவது புறத்தின் சிஸ்டம்டி மேலாளர். அதற்கோ திரை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே சேவை எழவே முடியாமல் விழுந்துகொண்டிருந்தது. நிரலுக்கு மட்டும் சூழல் மாறியைக் கொடுத்தால் போதாது, டி-பஸ்ஸின் தொடக்கச் சூழலிலும் அதைப் பதிய வேண்டும் என்று புரிந்தது. பதிந்ததும் சாளரம் ஒரு நொடியில் வந்தது.

இதோடு தொடர்புடையது புறத்துக்கே உரிய இயக்கநேர அடைவு. சூடோ வழியாக ஒரு நிரலை ஓட்டும்போது பல கணினிகளில் அது உருவாவதில்லை. சூழலைத் துடைக்காத முறையில் மாறினால் என் அடைவின் முகவரியே அந்தப் பக்கம் போய்க் குழப்பம் விளைகிறது. லாகின்சிடிஎல் கட்டளையில், பயனர் உள்நுழையாதபோதும் அவருடைய சேவைகளை ஓடவைக்கும் லிங்கர் என்பதைப் புறத்துக்கு இயக்கிவைத்தேன். கணினி தொடங்கும்போதே 1001 அடைவும் அதற்கான டி-பஸ்ஸும் தயாராகிவிடுகின்றன.

நான் கொஞ்சமும் எதிர்பாராத ஓட்டை டெர்மினலில் இருந்தது. யுனிக்ஸ் டெர்மினல்களில் டிஐஓசிஎஸ்டிஐ என்று ஓர் அழைப்பு உண்டு. ஒரு நிரல் தன் டெர்மினலின் உள்ளீட்டு வரிசையில், பயனர் தட்டியதுபோல் எழுத்துகளைத் திணிக்க அது வழிசெய்கிறது. என் டெர்மினலில் நின்று, சூடோவால் புறத்தின் பெயரில் ஒரு நிரலை ஓட்டினால், அந்த நிரலின் கையிலும் என் டெர்மினல்தான் இருக்கிறது. ஐந்தாறு வரிகளில் ஒரு பைத்தான் நிரல் எழுதிச் சோதித்தேன். புறத்தின் பெயரில் அது ஓடி முடிந்தது. ஷெல் எனக்குத் திரும்பியது. நான் விசைப்பலகையைத் தொடவில்லை. என் ஹோம் அடைவின் பட்டியல் தானாகத் திரையில் ஓடியது. திணிக்கப்பட்ட கட்டளை என் பெயரில் நிறைவேறியிருந்தது. திரையைப் பிரிக்க அத்தனை பாடுபட்டவனுக்கு பாடம் புகட்ட இந்த ஒரு வரி வெளியீடு போதுமானதாக இருந்தது.

தீர்வுகள் உள்ளன. சூடோவில் யூஸ்-பிடிஒய் என்ற அமைப்பை இயக்கினால், ஓடும் நிரலுக்குத் தனிப் போலி டெர்மினல் ஒன்று கொடுக்கப்படும். 2023இல் வந்த சூடோ 1.9.14 முதல் அதுவே இயல்புநிலை. லினக்ஸ் கெர்னல் 6.2 முதல் இந்த அழைப்பையே முடக்கிவைக்கவும் முடியும். என் கணினியில் சூடோ பழையது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். கெர்னலிலும் முடக்கினேன். மேலும், வரைகலை நிரல்களை இப்போது டெர்மினலிலிருந்து அழைப்பதே இல்லை. மெனுவில் உள்ள படவுருவைத் தட்டினால், டெர்மினல் தொடர்பே இல்லாத புதிய அமர்வில் அவை தொடங்கும்படி அமைத்துவிட்டேன்.

தனிப் பயனர் வைத்துக்கொண்டதில் நான் முதலில் நினைத்துப் பார்க்காத ஒரு பயனும் கிடைத்தது. பிணையச் சுவரில் பயனர் எண்ணை வைத்தே விதி எழுத முடியும். என்எஃப்டேபிள்ஸில் ஒரு வரி: 1001 என்ற எண்ணுள்ள பயனரிடமிருந்து கிளம்பும் பொட்டலங்கள் அனைத்தும் மறுக்கப்படும். ஆவணம் காட்டும் நிரலுக்கு இணையம் எதற்கு? இதனால், ஒரு வேளை கெட்ட கோப்பு ஒன்று தன் வேலையைக் காட்டினாலும், பொது அடைவில் கண்டதை வெளியே அனுப்ப நேர்வழி இல்லை. உள்வளையமான 127.0.0.1 முகவரிக்கும் தடை பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். அங்கே அச்சுச் சேவை முதல் பல சேவைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு சிறு இடைவெளி மட்டும் மிஞ்சுகிறது. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் பெயர்த் தேடலைச் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் சேவை மூலம் யுனிக்ஸ் சாக்கெட்டில் கேட்டால், வெளியே போகும் வினவல் அந்தச் சேவையின் பயனர் எண்ணில் போகிறது; என் விதியில் அது படாது. புறத்துக்கு அந்தச் சாக்கெட் தெரியாதபடி, நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே அந்த இடத்தை மறைத்துவிடுகிறேன்.

ஒலி கொடுக்கவில்லை. கேமராவும் ஒலிக்கருவியும் திரையின் முன் அமர்ந்திருக்கும் பயனருக்கு மட்டுமே, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்ட் சேவையால் ஒதுக்கப்படுகின்றன. புறத்துக்கு இருக்கை இல்லாததால் அவை தாமாகவே விலகி நிற்கின்றன. கிராஃபிக்ஸ் கருவிக்கு ரெண்டர் குழுவில் சேர்த்தால் முடுக்கம் கிடைக்கும். சேர்க்கவில்லை. அந்தக் கருவியின் இயக்கி கெர்னலுக்குள் ஓடும் பெரிய, சிக்கலான நிரல். ஓர் ஆவணத்தைப் புரட்டுவதற்காக அதை நம்பத்தகாத நிரலின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மென்பொருளே வரையட்டும், பக்கம் புரட்டும் வேகத்தில் வேறுபாடு தெரியவில்லை.

கெர்னலில் ஓட்டை இருந்தால் இவை எல்லாம் சேர்ந்தும் காக்காது. இரு பயனர்களும் ஒரே கெர்னலைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த அளவு அச்சுறுத்தல் உள்ளவர்கள், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மெய்நிகர் கணினியை ஒதுக்கும் க்யூப்ஸ் ஓஎஸ் பக்கம் போக வேண்டும். என் தேவை அவ்வளவு பெரியதன்று. கணினியின் நினைவகமும் அதற்குப் போதாது.

தினசரிப் பயன்பாட்டில் இப்போது மீதமுள்ள ஒரே தொல்லை பைண்ட் மவுன்ட்தான். நான் வெளியேறி மீண்டும் உள்நுழையும்போது வேலண்ட் சாக்கெட் புதிதாக உருவாகிறது. பழைய மவுன்ட்டோ செத்துப்போன சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புறத்தின் நிரலை அழைத்தால், இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். முதல் முறை இதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் செலவாயிற்று. இப்போது உள்நுழைவின்போது ஓடும் சேவை, முதலில் பழையதைக் கழற்றி, சாக்கெட்டின் ஐநோட் எண் (கோப்பு முறைமை தரும் அடையாள எண்) இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே ஏசிஎல்லைப் போடுகிறது. அதோடு, எக்ஸ்இன்புட் சோதனையையும் டெர்மினல் திணிப்புச் சோதனையையும் ஒரே ஸ்கிரிப்டில் சேர்த்து, ஒவ்வொரு பெரிய மேம்படுத்தலுக்குப் பிறகும் புறத்தின் பெயரில் ஒரு முறை ஓட்டிவிடுகிறேன். சென்ற முறை ஓட்டியபோது அந்த இரண்டு ஊடுருவல் முயற்சிகளும் தோற்றன.